ஸ்ரெயின்லெஸ் ஒட்ட எந்த வெல்டிங் குச்சி? உங்கட கேள்விகளும் என்ர பதில்களும்

சுன்னாகத்துத் தம்பி: அண்ணை, 304 எண்ட தர ஸ்ரெயின்லெஸ் குழாயில படிக் கைபிடி செய்யிறன். கடையில 308எல் எண்ட குச்சி தாறாங்கள். 304 எண்ட குச்சி இல்லையோ?

இல்லைத் தம்பி, 308எல் தான் அதுக்குரியது. உருகின உலோகம் உறையேக்க வெடிக்காமல் இருக்க அதுக்குள்ள கொஞ்சம் ஃபெரைட் எண்ட இரும்புக் கட்டமைப்பு வேணும். அதுக்காகத்தான் குரோமியத்தைக் கொஞ்சம் கூட்டி வைச்சிருக்கினம். எல் எண்டால் காபன் குறைவு. காபன் கூடினால் 450 முதல் 850 பாகை சூட்டில குரோமியத்தைப் பிடிச்சுக்கொள்ளும், பிறகு அந்த இடம் துருப்பிடிக்கும். மெல்லிய குழாய் கெதியா ஆறிப்போகும், பயம் குறைவு. தடிச்ச தகட்டில திரும்பத் திரும்ப ஓட்டேக்கதான் கவனம்.

நெல்லியடி வாசகர்: கேற் சட்டம் சாதாரண இரும்பு, பூ வேலை 304. 308 ஆல ஒட்டினால் வெடிக்குது.

309எல் எடுங்கோ. இரும்பு உருகிக் கலந்து ஒட்டை ஐதாக்கும். 308 அதைத் தாங்காது, மாட்டென்சைட் எண்ட நொருங்கிற கட்டமைப்பு வந்திடும். 309 இல குரோமியம் ஏறத்தாழ 24 வீதம், நிக்கல் 13 வீதம். இரும்பு கலந்தாலும் சமாளிக்கும். கரண்டைக் குறைச்சு வையுங்கோ, ஆர்க்கை இரும்புப் பக்கம் கனநேரம் நிப்பாட்டாதையுங்கோ.

சட்டம் ஜி.ஐ. எண்ட நாகம் பூசின குழாயோ? அப்பிடியெண்டால் நாகப் பூச்சை ஒட்டுற இடத்தில முழுக்க அரைச்செடுங்கோ. உருகின நாகம் ஸ்ரெயின்லெஸ்சுக்குள்ள இறங்கி வெடிப்பு விழும். அந்தப் புகை காய்ச்சலும் தரும்.

குருநகர் அண்ணை: படகுக்கு 316 தர ஸ்ரெயின்லெஸ் கம்பி. கையில 308 தான் கிடக்கு.

ஒட்டும். ஆனால் மூட்டுதான் முதல்ல அரிச்சுப்போகும். 316 இல 2, 3 வீதம் மொலிப்டினம் எண்ட உலோகம் கிடக்கு. உப்பால குழி விழாமல் பாக்கிறது அதுதான். 308 இல அது இல்லை. 316எல் வாங்குங்கோ அண்ணை, கடலில காசு மிச்சம் பிடிக்க ஏலாது.

காரைநகர் அக்கா: கிறில் ஒட்டின இடமெல்லாம் துரு. குச்சி கூடாததோ?

அநேகமாக் குச்சியில பிழையில்லை அக்கா. இரும்பு அரைச்ச டிஸ்க்கையும் இரும்புக் கம்பி பிரஷையும் இதிலயும் போட்டிருப்பினம். அந்தத் தூள்தான் துருப்பிடிக்குது. ஒட்டுக்குப் பக்கத்து நீலம், மண்ணிறக் கறையையும் விடக்கூடாது, கடற்காத்துக்கு அதுதான் வாசல். கறை எடுக்கிற பேஸ்ட்டில ஹைட்ரோபுளோரிக் அமிலம் கிடக்கும், தோலில பட்டால் எலும்பு வரைக்கும் இறங்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடவேண்டாம். கழுவேக்க உவர்க் கிணத்துத் தண்ணி கூடாது.

அச்சுவேலித் தம்பி: காந்தம் ஒட்டாட்டில் 304 தானே?

201 எண்ட மலிவுத் தர ஸ்ரெயின்லெஸ்சிலயும் காந்தம் ஒட்டாது தம்பி. வளைச்ச 304 கொஞ்சம் இழுக்கவும் செய்யும். பில்லில தரத்தை எழுதி வாங்கும். என்ன இரும்பெண்டே தெரியாத பழைய சாமான் எண்டால் 309எல் பாவியும்.

அளவெட்டி வாசகர்: கம்பி தானா வாற மிக் வெல்டிங் மெசினில வெறும் காபனீரொட்சைட்டு வாயு போடலாமோ?

வேண்டாம். காபன் ஏறும், எல் வாங்கினதில அர்த்தமில்லை. ஆர்கன் வாயுவோட 2 வீதம் காபனீரொட்சைட்டு மட்டும் கலந்தது போடுங்கோ.

கைதடி அம்மா: கருப்பணி காய்ச்சிற 304 பாத்திரம் அடியில விட்டுப்போச்சு.

ஆர்கன் வாயு விட்டு ஒட்டுற ரிக் வெல்டிங், 308எல் கம்பி. வேலை செய்யிறவரிட்ட, மற்றப் பக்கத்துக்கும் ஆர்கன் விடச் சொல்லுங்கோ அம்மா. விடாட்டில் அந்தப் பக்கம் கருகிச் சொரசொரப்பாகி, பாணி அதுக்குள்ள அடைஞ்சு பழுதாகும்.