இலவசம் கேட்டா தெருவுக்கு வந்தார்கள்?

கேள்வி: இலங்கை, வங்கதேசம், நேபாளம் என்று அக்கம்பக்கத்து நாடுகளிலெல்லாம் இளைஞர்கள் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டார்கள். ஆனால் எந்தப் பொருளாதாரம் வேண்டும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எல்லாம் இலவசமாக வேண்டும், அதுதானே இந்தத் தலைமுறையின் ஆசை?
— வாசகர், குளத்துப்புழா, கேரளம்

பதில்: இல்லை ஐயா. இலவசம் கேட்டு அங்கே யாரும் தெருவில் இறங்கவில்லை.

வங்கதேசத்தில் டாக்கா மாணவர்கள் 2024இல் கேட்டது அரசு வேலைக்கு நேர்மையான போட்டி. நாட்டின் விடுதலைக்குப் போராடியவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இருந்த 30 சதவீத ஒதுக்கீடு 2018இல் நீக்கப்பட்டது. அதை உயர் நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்ததும் கொதித்தார்கள். இதை நம்முடைய சமூக இடஒதுக்கீட்டோடு முடிச்சுப் போடுகிறவர்களை நம்பாதீர்கள். அது வேறு, இது வேறு. (அந்தச் சண்டையின் முடிவில் பழங்குடி மக்களின் பங்கும் 5 சதவீதத்திலிருந்து 1 ஆகச் சுருங்கியது. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.)

நேபாளத்தில் 2025 செப்டம்பரில் அரசு 26 சமூக வலைத்தளங்களை முடக்கியதும் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். உள்ளே புழுங்கியது வேறு கோபம்: தலைவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொகுசு, மற்றவர்களுக்கு வளைகுடா விசா.

இலங்கைக் கதையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர் ஆர்.பி.எல். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்களில் பலர், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தால் அங்கிருந்து வந்தவர்களின் பிள்ளைகள்தானே? அவர்களுடைய சொந்தங்கள் இலங்கை மலையகத்தில் இன்னும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார்கள். நாள் கூலி 1,000 இலங்கை ரூபாய் வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடி, 2021 மார்ச்சில்தான் அது அரசிதழில் ஏறியது. 2022 செப்டம்பரில் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். கூட்டிக் கொடுத்த கூலி கோதுமை மாவுக்கே போய்விட்டது. லயம் எனும் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்த அந்தப் பிள்ளைக்கு முதலாளித்துவமா, சோசலிசமா என்பது அப்புறம்தான். இந்த மாதக் கூலிக்கு அடுத்த மாதமும் அதே அளவு மாவு கிடைக்க வேண்டும், நாட்டின் கடன் கணக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதைவிடத் தெளிவாக ஒரு பொருளாதாரத்தை எப்படிக் கேட்பது?

போன மாதம் உங்கள் பக்கம் ஒரு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அம்மா விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெட்டுக்குப் போயிருந்தார். மகள் பி.காம். அட்டை பிய்ந்து டேப் ஒட்டிய, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு கைடு மடியில் இருந்தது. ராங்க் லிஸ்டில் பெயர் வந்துவிட்டது. அழைப்பு வருவதற்குள் லிஸ்டின் காலம் முடிந்துவிடுமோ என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். நாட்டிலேயே கூலி உயர்ந்த மாநிலம் கேரளம். ஆனாலும் அங்கே வேலை செய்யவோ தேடவோ முன்வந்த 15–29 வயதினரில் 29.9 சதவீதம் பேருக்கு வேலை இல்லை என்கிறது மத்திய அரசின் 2023-24 கணக்கெடுப்பு. மாநிலங்களில் அதுதான் அதிகம். தோட்ட வேலையை அவள் கேவலமாக நினைக்கவில்லை. அம்மாவின் முதுகுவலியைத் தினமும் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

இலவசமாக எதையும் அவள் என்னிடம் கேட்கவில்லை. எழுதிய பரீட்சைக்குப் பதில் கேட்டாள்.

உங்கள் வீட்டிலும் இந்த வயதில் ஒரு பிள்ளை இருக்கலாம். எனக்குக் கடிதம் எழுதும் முன் அதனிடம் கேட்டுப் பார்த்தீர்களா?