ஹெட்போனைத் திருப்பி மாட்டியும் இடது பக்கம்தான் மந்தமா?

கேள்வி: வயது 61. நூற்பாலையில் ஸ்பின்னிங் பிரிவில் 28 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். சில வருடங்களாகவே காது மந்தம். அப்பா சேர்த்து வைத்த எல்பி இசைத்தட்டுகளைக் கேட்க டர்ன்டேபிள் வாங்கியிருக்கிறேன். என் காதுக்கு எந்த ஹெட்போன் நல்லது? 32 ஓமா, 300 ஓமா? தீபாவளிக்கு அப்புறம் இடது பக்கம் சத்தம் குறைவாக வருகிறது. ஊசி, ஒயர் எல்லாம் மாற்றினேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டினாலும் இடதுதான் குறைகிறது. காதுக்குள் ‘ஙொய்’ என்ற சத்தம் எப்போதும் உண்டு. யூடியூப் சோதனையில் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. பூண்டு எண்ணெய் விடுகிறேன், நரம்புக்கு பி12 மாத்திரையும் போடுகிறேன். ஹெட்போன் மாட்டினால் இருக்கிற கேட்கும் திறனும் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கோவை மாவட்டம்

பதில்:

ஊசியை மாற்றிவிட்டீர்கள், ஒயரை மாற்றிவிட்டீர்கள், ஹெட்போனையும் இடம் வலமாகத் திருப்பிப் பார்த்துவிட்டீர்கள். கருவியில் கோளாறு இருந்திருந்தால், திருப்பி மாட்டியதும் குறைச்சல் வலது காதுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்படியானால் நீங்கள் மாற்றாமல் மிச்சம் வைத்திருப்பது உங்கள் இடது காது ஒன்றுதான். கடிதத்தில் இருப்பதிலேயே முக்கியமான வரி இதுதான். அதை நீங்கள் மெஷின் ரிப்பேர் சமாசாரம் மாதிரி நடுவில் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

‘மில் சத்தத்தில் போன காதுதானே’ என்று நீங்கள் நினைத்திருக்கலாம். மில் இரைச்சல் உங்கள் காதைக் கெடுத்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாலாபக்கமும் மெஷின் ஓடும் ஷெட்டில் நின்றவருக்கு இரண்டு காதும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் கெடும். வயதால் வரும் மந்தமும் அப்படியே, இரண்டு பக்கமும் சேர்ந்து மெல்ல இறங்கும். ஒரு காது மட்டும் தனியாகப் பின்தங்கினால், அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

‘தீபாவளிக்கு அப்புறம்’ என்கிறீர்கள். ஒருநாள் காலையில் எழுந்தபோதே காது அடைத்தமாதிரி இருந்ததா, இல்லை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா? எனக்கு இதுதான் தெரிய வேண்டும், எழுதவில்லை.

ஒரே நாளில், அல்லது மூன்று நாளுக்குள் ஒரு காது மந்தமாகிவிட்டால் அது அவசரம். உள்காதும் காது நரம்பும் சட்டென்று செயலிழக்கும் நிலை இது. பெரும்பாலும் வலி இருக்காது, சீழ் இருக்காது, வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சளி என்று ஆவி பிடிப்பார்கள், அழுக்கு என்று பட்ஸ் போட்டுக் குடைவார்கள், மருந்துக் கடையில் கேட்டு ஏதாவது சொட்டு மருந்து வாங்கி விடுவார்கள். அதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். இதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். அதிலும் முதல் சில நாட்கள் இன்னும் நல்லது. மாத்திரை கேட்காவிட்டால் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் அதே மருந்தை ஊசியாகச் செலுத்தும் முறையும் உண்டு. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சர்க்கரையை எகிறவைக்கும் என்பதால், சில நேரம் நாங்கள் முதலிலேயே இந்த ஊசிக்குப் போவோம். இதைப் படிக்கும் யாருக்காவது இந்த வாரம் ஒரு காது திடீரென்று அடைத்திருந்தால், பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

உங்களுக்கு அந்தக் கெடு அநேகமாகத் தாண்டிவிட்டது. அதற்காக இனிமேல் போய் என்ன பயன் என்று இருந்துவிடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருந்தாலும் போக வேண்டிய இடம் அதேதான். காதுக்குள் பார்ப்பார்கள், இசைக்கவை வைத்துப் பார்ப்பார்கள், எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று அளந்து காட்டும் ஆடியோகிராம் எடுப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு அதிர்வெண்களில் இடதுக்கும் வலதுக்கும் 15 டெசிபலோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்து, நடுக்காதில் அதற்குக் காரணம் எதுவும் தென்படவில்லை என்றால், எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொல்வோம். காது நரம்பில் ஒரு சாதாரணக் கட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. உடனே கூகுளைத் திறக்காதீர்கள். இப்படி ஸ்கேனுக்கு அனுப்புகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் இருப்பதில்லை. இருந்தாலும் அது புற்றுநோய் அல்ல, பெரும்பாலும் மெதுவாக வளரும் கட்டி. சிறியதாக இருந்தால், குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கவனித்து வந்தாலே பலருக்குப் போதுமானதாக இருக்கிறது. ஸ்கேனுக்கு முன் கிரியாட்டினின் பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள். சர்க்கரைக்காரருக்குச் சாய ஊசி போடுவதற்கு முன் சிறுநீரகத்தைப் பார்ப்பது வழக்கம்.

மருத்துவரிடம் போவதற்குள் வீட்டில் ஒன்று செய்து பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு, சுருதி பிடிப்பதுபோல ‘ம்ம்ம்’ என்று இழுங்கள். முதலில் வலது காதை விரலால் அடைத்துக்கொண்டு இழுத்துப் பாருங்கள். அடைத்த காதில்தான் சத்தம் பெரிதாகக் கேட்கும், அது இயல்பு. இப்போது விரலை எடுத்துவிட்டு மறுபடி இழுங்கள். சத்தம் மந்தமான இடது காதுப் பக்கம் சாய்ந்தால் அங்கே அழுக்கோ நீரோ அடைத்திருக்கலாம், சுலபமான விஷயம். நன்றாகக் கேட்கும் வலது பக்கம் சாய்ந்தால் உள்காது, நரம்பு பக்கம் சந்தேகப்பட வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ‘இடதுதான், அப்ப அழுக்குதான்’ என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம்.

பூண்டு எண்ணெயை இன்றோடு நிறுத்துங்கள். காதில் விடும் எண்ணெய் செவிப்பறையைத் தாண்டி உள்காதுக்குப் போகாது. செவிப்பறையில் ஓட்டை இருந்து அது தாண்டினால் இன்னும் மோசம். ஈரமும் பிசுக்கும் சேர்ந்தால் காளான் வளரும். அதுவும் சர்க்கரை உள்ளவருக்குக் காதுக் குழாயில் வரும் தொற்று சில நேரம் எலும்பு வரை போகும். இராத்திரி தூங்கவிடாத காதுவலி வந்தால் தாமதிக்கவே கூடாது. பி12 விஷயத்தில் பாதி நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம், ரத்தத்தில் அளவு பார்ப்பது நல்லது. குறைவாக இருந்தால் மாத்திரை போடுங்கள், ஆனால் அது காதைத் திருப்பிக் கொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். யூடியூப் சோதனை? 61 வயதில், 28 வருடம் மில்லில் நின்ற காதுக்கு 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்டிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். ‘ஙொய்’ சத்தம் இரண்டு காதிலும் ஒரே மாதிரி இருந்தால் அது மந்தத்தோடு ஒட்டி வருவது, விட்டுத்தள்ளுங்கள். இடதில் மட்டும் இருந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, உங்கள் உண்மையான பயத்துக்கு வருவோம். ஹெட்போன் என்ற பொருள் காதைக் கெடுக்காது. எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்ற இரண்டும்தான் கெடுக்கும். இசைத்தட்டா, செல்போனா என்பது காதுக்குத் தெரியாது. ‘அனலாக் மென்மையானது’ என்பதெல்லாம் ரசனை சம்பந்தப்பட்டது, காதின் செல்களுக்கு டெசிபல் கணக்கு மட்டும்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5. ஏற்கெனவே அடிபட்ட காது இந்த வரம்புக்கு நன்றாகக் கீழேயே இருப்பது நல்லது.

சிக்கல் என்னவென்றால், செல்போன் ‘சத்தம் அதிகம்’ என்று எச்சரிக்கும், ஆம்ப்ளிஃபையர் எச்சரிக்காது. உங்கள் காதை நம்பியும் அளவு வைக்க முடியாது. அதனால் வீட்டில் நன்றாகக் காது கேட்கும், வயதுவந்த ஒருவரை ஹெட்போனை மாட்டச் சொல்லி, அவர் ‘போதும்’ என்கிற இடத்தில் வால்யூம் குமிழில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிடுங்கள். அதைத் தாண்டாதீர்கள். கேட்டு முடித்த பிறகு ‘ஙொய்’ கூடியிருந்தால் டேப்பை இன்னும் கீழே இறக்குங்கள். இடது குறைகிறதே என்று பேலன்ஸ் குமிழை இடது பக்கம் திருப்பவும் வேண்டாம்.

‘அந்த அளவில் எனக்குப் பாட்டே கேட்காதே’ என்பீர்கள். நியாயம்தான். உள்காது கெட்டவர்களின் தொல்லையே இதுதான். மெதுவாகப் பேசினால் ‘என்னது?’ என்பார், கொஞ்சம் குரலை உயர்த்தினால் ‘ஏன் கத்துற, நான் என்ன செவிடா?’ என்பார். மெல்லிய ஒலி எட்டாது, பெரிய ஒலி குடையும், நடுவில் இருக்கும் இடைவெளி குறுகிப்போயிருக்கும். சாதாரண ஒயர் ஹெட்போன் எவ்வளவு விலையுயர்ந்ததானாலும் இதைச் சரிசெய்ய முடியாது, அது எல்லாவற்றையும் ஒரே அளவில்தான் கூட்டும். உங்களுக்குக் கேட்காத பகுதியை மட்டும் தூக்கிக்கொடுத்து, பெரிய ஒலியை அடக்குகிற வேலையைச் செய்வது காது மிஷின்தான். ஹெட்போன் வாங்கும் பணத்தை முதலில் ஆடியோகிராமுக்குச் செலவழியுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் எடுக்கிறார்கள்.

ஆடியோகிராம் தாளில் சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. இரைச்சலில் கெட்ட காதுக்கு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். பயப்படாதீர்கள், ராகம் அதற்குக் கீழேதான் இருக்கிறது. பியானோவின் கடைசிக் கட்டையே 4,200 ஹெர்ட்ஸைத் தொடாது. உங்களுக்குப் போவது தம்புராவின் மினுமினுப்பு, மிருதங்கத்தின் சாப்பு விழும் கூர்மை, பாட்டு வரிகளில் ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகள். இசைத்தட்டின் ‘உஸ்’ இரைச்சலும் மற்றவர்களைவிட உங்களுக்குக் குறைவாகவே கேட்கும், அது லாபம். ஆனால் கீறல் விழுந்த இடத்தில் வரும் ‘டப்’ சத்தம் காதைக் குத்தலாம். தட்டுகளைத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காது மிஷின் வாங்குவதானால், இசைக்கென்று தனி புரோகிராம் போடச் சொல்லிக் கேளுங்கள். மிஷின்கள் பேச்சுக்காகவே தயாராகின்றன. நாதஸ்வரத்திலோ புல்லாங்குழலிலோ ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால், அதை விசில் சத்தம் என்று நினைத்து மிஷின் அடக்கப் பார்க்கும், ஸ்வரம் நடுங்கும். இசை புரோகிராமில் அந்த விசில் தடுப்பையும் இரைச்சல் குறைப்பையும் தளர்த்தி வைப்பார்கள்.

ஹெட்போன் என்று பார்த்தால், காதுக்குள் சொருகும் வகை வேண்டாம். காது முழுவதையும் மூடும் ஆழமான கிண்ணம் உள்ளதாகப் பாருங்கள், பின்புறம் திறந்த வகையாக இருந்தால் மிஷினோடு மாட்டும்போது விசில் குறைவு. காதுக்குப் பின்னால் வைக்கும் மிஷினின் மைக் கிண்ணத்துக்குள் அடங்குகிறதா என்று கடையில் மிஷினோடு மாட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். 32 ஓம், 300 ஓம் என்பது ஹெட்போனின் மின்தடை அளவு, அந்த வித்தியாசம் ஆம்ப்ளிஃபையரின் பாடு, காதுக்கு அதில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. உங்கள் ஆம்ப்ளிஃபையர் சாதாரணமானது என்றால் 32 போதும். ஆடியோகிராமை ஏற்றிக்கொண்டு ஒலியைச் சரிசெய்யும் செல்போன் வசதி உண்டு, ஆனால் அது போனில் ஓடும் பாட்டுக்குத்தான். டர்ன்டேபிள் சத்தம் போன் வழியாக வருவதில்லை. அதற்குப் பதில் காது மிஷினோடு இணையும் ஸ்ட்ரீமர் பெட்டியை ஆம்ப்ளிஃபையரின் லைன் அவுட்டில் இணைத்தால், பாட்டு உங்கள் ஆடியோகிராமுக்கு ஏற்றபடி நேரே இரண்டு மிஷினுக்கும் வந்துவிடும். என்னைக் கேட்டால், தொல்லையே வேண்டாம் என்பவர்கள் ஹெட்போனை விட்டுவிட்டு, சின்ன அறையில் ஆறடி தூரத்தில் இரண்டு ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு மிஷினோடு உட்காரலாம்.

இடது காது திரும்பாமலே போனாலும் ஒரு வழி இருக்கிறது. உங்கள் அப்பா காலத்துத் தட்டுகளில் 1970-களின் நடுப்பகுதிவரை வந்த தமிழ்ப் பாட்டுகள் பெரும்பாலும் மோனோ. இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான், ஒரு காது போனாலும் பாட்டில் எதுவும் தொலையாது. ஸ்டீரியோ தட்டில்தான் இடது பக்கம் வைத்த வயலின் உங்களுக்கு மங்கும். ஆம்ப்ளிஃபையரில் ‘மோனோ’ பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள், அதை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதெல்லாம் ஆடியோகிராம் கைக்கு வந்த பிறகு. இந்த வாரம் மருத்துவரைப் பாருங்கள், ஹெட்போன் ஆர்டரை அதுவரை நிறுத்தி வையுங்கள். காதடைப்போடு தலைசுற்றலோ, முகம் ஒரு பக்கம் கோணுவதோ இருந்தால் வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றே கிளம்புங்கள். போகும்போது, இடது காது எந்தத் தேதியில் எப்படி மந்தமானது என்பதை வீட்டில் உள்ளவர்களையும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.