படங்களே நிறைந்த அருங்காட்சியக இணையதளம் பார்வையற்றவர்களுக்கு எப்படிப் பயன்படும்?

உங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குத் தளம் அமைப்பதாகவும், அதற்குப் பார்வையற்றவர்கள் வருவார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வருவோம். நேரில் வந்தால் சிலையைத் தொடக் கூடாது. பக்கத்துப் பலகையில் இருப்பதையும் யாராவது படித்துச் சொன்னால்தான் உண்டு. நிதானமாக நானே படித்துக்கொள்ள எனக்கு இருப்பது இணையதளம்தான்.

கணினியில் நான் பயன்படுத்துவது என்விடிஏ என்ற இலவச மென்பொருள். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும். எழுத்து இல்லையென்றால் அதற்கும் வழியில்லை. சென்ற மாதம் ஓர் அருங்காட்சியகத் தளத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் பக்கத்தைத் திறந்தேன். "லிங்க், கிராஃபிக், ஐஎம்ஜி அடிக்கோடு நான்கு ஏழு ஒன்று" என்று படக்கோப்பின் பெயரைப் படித்தது குரல். அடுத்தது நான்கு ஏழு இரண்டு. இப்படியே நாற்பது படங்கள். எது நடராசர், எது சோமாஸ்கந்தர் என்று கடைசிவரை தெரியவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதுங்கள்; அதாவது, படத்தில் இருப்பதைச் சொல்லி, என்விடிஏ படிக்கும்படி படத்தோடு சேர்த்து வைக்கும் எழுத்து. "நடராசர் சிலை" என்று நிறுத்திவிடாதீர்கள். "வலது பின்கையில் உடுக்கை, இடது பின்கையில் தீ. வலது முன்கை அஞ்சேல் என்கிறது. இடது முன்கை உடலின் குறுக்கே வந்து, தூக்கிய இடது காலைச் சுட்டுகிறது. வலது கால் முயலகன்மேல் ஊன்றியிருக்கிறது." ஒரு நண்பர் இப்படிச் சொல்லக் கேட்டு, எழுந்து நின்று கைகளை அப்படியே வைத்துப் பார்த்தேன். ஒற்றைக் காலில் தள்ளாடியபோதுதான் அந்த ஆட்டம் எனக்குப் பிடிபட்டது.

பழைய வெளியீடுகளை ஏற்றுவதானால், வெறுமனே ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்தான்; எங்களுக்கு வெற்றுத்தாள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே போடுவது இன்னும் கொடுமை. "அம்மா" என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்டால் "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று வரும். தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியெண்கள் உள்ள யூனிகோடில் இந்தச் சிக்கல் இல்லை. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்த குறுந்தொகையை யாரையும் எதிர்பார்க்காமல் இரவெல்லாம் கேட்டிருக்கிறேன்.

டிக்கெட் பதிவில் "படத்தில் உள்ள எழுத்துகளைத் தட்டுக" என்ற சோதனையைத் தயவுசெய்து வைக்காதீர்கள். அங்கேயே நின்றுபோவோம். மின்னணுத் தகவல்கள் எங்களுக்கு எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது.

வெளியிடும் முன் பார்வையற்ற ஒருவரை அழைத்து, தளத்தை அவர் கையில் கொடுங்கள். அவர் திணறும்போது மவுஸைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே திணறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.