200 ரூபாய்க்குள் கையால் செய்த கல்யாணப் பரிசு: பார்க்க மலிவாகத் தெரியாமல் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். கொஞ்சம் மிச்சம்கூடப் பிடிக்கலாம்.

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: காவேரிப்பட்டணம் பக்கம் ஊர், கூடப் படித்த தோழிக்கு அடுத்த மாதம் கல்யாணம், கையில் இருநூறு ரூபாய், வீடியோ பார்த்துச் செய்ததெல்லாம் ஸ்கூல் ப்ராஜெக்ட் மாதிரியே வருகிறது. எங்கள் குடும்பத்துக்குத் தருமபுரியில் ஸ்டேஷனரியும் ஜெராக்ஸும் சேர்ந்த கடை. கடை நேரம் போக ஆர்டருக்குப் பெட்டி, வாழ்த்து அட்டை எல்லாம் செய்து கொடுக்கிறேன். உங்களைப் போன்ற பிள்ளைகள் எதை வாங்குகிறார்கள் என்று கல்லாவில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறேன். முதலில் கை போவது ஜிகினா ஃபோம் ஷீட், முத்து ஸ்டிக்கர், ரெடிமேட் பூ. அதிலேயே நூற்றைம்பது காலி. கடைசியில் மிச்சக் காசுக்கு மெல்லிசாக ஒரு சார்ட்டைச் சுருட்டி வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். பெட்டி தொய்ந்து போகாமல் என்ன செய்யும்? கடைக்காரியே வாங்காதே என்று சொல்லலாமா என்று எங்கள் அண்ணன் திட்டுவார், பரவாயில்லை. காசைத் தாளிலும் பசையிலும் போடுங்கள். அலங்காரப் பொருள் பாதி உங்கள் வீட்டிலேயே கிடக்கிறது.

தாளில் பார்க்க வேண்டியது ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் வரை இருக்கும். பெட்டிக்கு 250 முதல் 300 வரை வேண்டும். கடையில் ஐவரி ஷீட் என்றோ திக் சார்ட் என்றோ கேளுங்கள். 200-க்குக் கீழே போனால் பக்கச் சுவர் நிற்காது.

அடுத்தது, எந்த வீடியோவிலும் யாரும் சொல்லாத விஷயம். மரத்துக்கு இருப்பதுபோலத் தாளுக்கும் ரேகை ஓட்டம் உண்டு. ஆலையில் தாள் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்துவிடும். ரேகையோடு மடித்தால் மடிப்பு வழவழவென்று விழும். குறுக்கே மடித்தால் மேல் பூச்சு வெடித்து, உள்ளே இருக்கும் வெள்ளை நார் பல்லிளிக்கும். கண்டுபிடிப்பது சுலபம். தாளை மடிக்காமல், சும்மா இரண்டு பக்கமாகவும் வளைத்துப் பாருங்கள். எந்த வளைவு எதிர்ப்பில்லாமல் வருகிறதோ, அந்த வளைவில் மடித்தால் விழும் கோட்டின் திசையில்தான் ரேகை ஓடுகிறது. சதுரப் பெட்டியில் நாலு மடிப்பில் இரண்டு ரேகையோடு வரும், இரண்டு குறுக்கே வரும். அதைத் தவிர்க்க முடியாது. குறுக்கே வரும் இரண்டு கோட்டையும் மடிப்பதற்கு முன் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கீறிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கீறுவதற்குத் தனிக் கருவி எல்லாம் வேண்டாம். மை தீர்ந்த பால் பாயின்ட் பேனா போதும். இரும்பு ஸ்கேலை அணைத்து வைத்து இரண்டு முறை இழுத்தால் பள்ளம் விழும். அந்தக் கோட்டில்தான் மடிக்க வேண்டும்.

உங்கள் தோழிக்கு நான் சொல்வது திறப்புப் பெட்டி. எக்ஸ்ப்ளோஷன் பாக்ஸ் என்று கேட்டிருப்பீர்கள். மூடியைத் தூக்கினால் நாலு சுவரும் மலர்ந்து விழும், உள்ளே இன்னொரு அடுக்கு மலரும், அதற்குள் இன்னொன்று. 56 க்கு 71 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரே ஒரு திக் ஷீட்டில் மொத்தப் பெட்டியும் அடங்கிவிடும். கணக்கு இதுதான். 71 செ.மீ. பக்கத்தில் 30 செ.மீ. சதுரம் ஒன்று, அதன் பக்கத்தில் 28.5 செ.மீ. சதுரம் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். கீழே 26 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை மிஞ்சும். அதில் 25.5 செ.மீ. சதுரம் ஒன்றும் மூடிக்கு 16.3 செ.மீ. சதுரம் ஒன்றும் எடுங்கள். முதல் மூன்று சதுரத்தையும் மூன்றுக்கு மூன்றாகக் கட்டம் போட்டு, நாலு மூலைக் கட்டத்தை வெட்டி எறிந்தால் கூட்டல் குறி போல வரும். பெரியதின் கட்டம் 10 செ.மீ., அடுத்தது 9.5, கடைசி 8.5. நடுக் கட்டத்தின் மேல் நடுக் கட்டத்தை வைத்து ஒட்டுங்கள். மூடிக்கு நாலு பக்கமும் 3 செ.மீ. உள்ளே கோடு போட்டு மடித்தால் நடுவில் 10.3 செ.மீ. நிற்கும். அந்த 3 மில்லிமீட்டர் இடைவெளிதான் உயிர். 10-க்குச் சரியாக 10 வைத்தால் மூடி இறங்காது, இறங்கினாலும் தூக்கும்போது பெட்டியும் சேர்ந்தே வரும்.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் வேண்டாம். நேர்கோட்டுக்குக் கட்டர்தான். பிளேடு முனையை ஒரு கட்டம் உடைத்துவிட்டுப் புதுக் கூர்மையோடு ஆரம்பியுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட நினைக்காமல், அழுத்தாமல் மூன்று நாலு முறை இழுங்கள். அடியில் பழைய காலண்டர் அட்டை.

பசையில்தான் பலபேர் கோட்டை விடுகிறார்கள். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. மெல்லிய தாளில் பூசியதும் நார் ஊறி உப்பும், காய்ந்த பிறகும் அந்தச் சுருக்கம் போகாது. அதனால் அகலமான பரப்புக்கு, ஃபோட்டோவுக்கு, டபுள் சைட் டேப். கிண்ணம் போல நிற்க வேண்டிய பூவுக்கும் மூடியின் மூலைக்கும் ஃபெவிகால், அதுவும் பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு. தட்டையாக ஒட்டியதன் மேலே மட்டும் தடிமனான புத்தகம் இரண்டை ஏற்றி ஒரு ராத்திரி விடுங்கள். சாதாரண செல்லோ டேப்பைப் பெட்டிக்குள்ளே கொண்டுவரவே கூடாது. ஒன்றிரண்டு வருடத்தில் மஞ்சளாகி உரியும்.

நிறம் மூன்றுக்கு மேல் வேண்டாம். அடர்ந்த ஒன்று, வெளிர் ஒன்று, கொஞ்சம் தங்கம். அரக்கும் சந்தன நிறமும் தங்கமும் சேர்த்தால் கல்யாணக் களை தானாக வரும். ஏழு கலரில் ஏழு பேப்பர் கொண்ட பாக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் இறக்கினால்தான் ஸ்கூல் ப்ராஜெக்ட் ஆகிறது.

சரி, தங்கத்துக்கு எங்கே போவது? பழைய கல்யாணப் பத்திரிகை. எல்லார் வீட்டிலும் ஷெல்ஃபில் ஒரு கட்டு இருக்கும். தடிமனான அட்டை, தங்க ஃபாயில் பார்டர், எழும்பி நிற்கும் பூ வேலை என்று அச்சகத்துக்காரர் செலவழித்த வேலையெல்லாம் அதில் இருக்கிறது. பார்டரை மட்டும் ஒரு செ.மீ. பட்டையாக வெட்டிப் பெட்டிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள், கடையில் வாங்கும் லேஸ் ஸ்டிக்கர் பக்கத்தில் நிற்காது. பெயர் அச்சான பக்கத்தை மட்டும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறொரு ஜோடியின் முகூர்த்த நேரம் உங்கள் பெட்டியில் எட்டிப் பார்த்தால் நன்றாக இருக்காது. பிள்ளையார் படத்தை வெட்டாமல் முழுசாக எடுத்து மூடியின் உள்பக்கம் வைத்துவிடலாம். பாட்டிமார் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

சாமி படத்துக்கு ஃபிரேம் போடும் கடையில் மவுண்ட் போர்டின், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டையின், நடுவில் சன்னல் வெட்டி எடுத்த துண்டு மிஞ்சும். கேட்டால் சும்மாவே கொடுப்பவர்கள் உண்டு. ஃபோட்டோவுக்கு அடியில் வைக்க அதைவிட நல்ல அட்டை கிடையாது.

பூ வேலைக்கு உங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்குப் பொருத்தமாக ஒன்று சொல்கிறேன். மாங்காய் வடிவம். புடவைக் கரையில் பார்த்திருப்பீர்களே, அதுதான். சுருட்டிப் பூ செய்வதற்கென்றே ஒல்லியாக வெட்டி விற்கும் தாள், குவில்லிங் பட்டை என்பார்கள், 3 அல்லது 5 மில்லிமீட்டரில் ஒரு பாக்கெட் வாங்குங்கள். பட்டையை மட்டும் வீட்டில் வெட்டாதீர்கள், அரை மில்லிமீட்டர் ஏறி இறங்கினாலும் சுருள் சாய்ந்து நிற்கும். அதைச் சுற்றுவதற்கென்று விற்கும் ஊசி வாங்க வேண்டாம். அகர்பத்திக் குச்சியின் நுனியைக் கட்டரால் லேசாகப் பிளந்து பட்டையின் முனையை அதில் செருகிச் சுற்றுங்கள். சுற்றியதைக் குச்சியிலிருந்து கழற்றி, மாத்திரை அட்டையின் பெரிய குழி ஒன்றிலோ பாட்டில் மூடியிலோ போட்டுத் தளரவிட்டால் எல்லாச் சுருளும் ஒரே அளவில் நிற்கும். வால் முனையை ஒட்டிவிட்டு, ஒரு ஓரத்தைக் கிள்ளினால் நீர்த்துளி. கிள்ளிய நுனியை விரலால் ஒரு பக்கமாக வளைத்தால் மாங்காய். இருபது மாங்காயை நுனி உள்ளே பார்க்க வட்டமாக அடுக்கினால் மூடிக்கு ஒரு கோலமே வந்துவிடும்.

வட்டம் வரையக் காம்பஸைத் தேடி அலையாதீர்கள், வளையலை எடுங்கள். 2.4 அளவு வளையலின் உள்விட்டம் 57 மில்லிமீட்டர், 2.6 என்றால் 60, 2.8 என்றால் 63.5. அம்மா, அக்கா, அத்தை மூவரின் வளையலும் சேர்ந்தால் படிப்படியாகப் பெரிதாகும் மூன்று வட்டம் ரெடி. ஒவ்வொரு வட்டத்தையும் ஓரத்திலிருந்து நத்தைச் சுற்றாக உள்ளே வெட்டி, வெளி முனையிலிருந்து இறுக்கிச் சுருட்டினால் ரோஜா வரும். கடைசியில் நடுவில் மிஞ்சும் பொட்டுத்தான் அடிப்பாகம், பசை அங்கேதான். பிப்ரவரியில் ஓசூர் ரோஜா விலை ஏறும்போது எங்கள் கடையில் சிவப்புத் தாள் தீர்வது இதனால்தான்.

எங்கள் தருமபுரிக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு, பட்டுக்கூடு. இங்கே கூடு ஏலம் விடும் அங்காடியே இருக்கிறது. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பட்டுப்புழு வளர்ப்பவர்களைத் தெரிந்திருந்தால், நூல் எடுக்க உதவாத கூட்டைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு புழு சேர்ந்து கட்டிய கூடு, கறை பட்ட கூடு எல்லாம் நல்ல விலைக்குப் போகாது. ஒரு முனையை வெட்டி உள்ளே இருப்பதை உதறிவிட்டு, வெயிலில் காய வையுங்கள். இந்தக் கட்டத்தைத் தவிர்த்தால் நாற்றம் பெட்டியையே கெடுத்துவிடும். பிறகு கத்தரிக்கோலால் ஐந்து இதழாகக் கீறி வெளிப்பக்கம் மடித்துவிட்டால் பூ. வெள்ளைக் கூட்டில் மல்லிகை நிறம், மஞ்சள் கூட்டில் வெளிர் சாமந்தி நிறம், சாயமே தேவையில்லை. விரலால் தொட்டால் தாளும் இல்லை துணியும் இல்லை என்பதுபோல ஒரு சொரசொரப்பு இருக்கும். வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் தடவிப் பார்க்கிறார்கள்.

ஃபோட்டோவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும், பிரிண்ட் மங்கலாக வரும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஒரே A4 தாளில் 8 செ.மீ. சதுரமாக ஆறு படம் அமைத்து, லேசர் கலர் பிரிண்ட் ஒன்று போட்டால் போதும். லேசரில் இருப்பது சூட்டில் உருகி ஒட்டிய பொடி, ஈரத்துக்குக் கரையாது. இங்க்ஜெட் மையில் பசை பட்டால் பெரும்பாலும் கலங்கிவிடும். படத்துக்கு அடியில் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி எழுதுங்கள். 'ஹேப்பி மேரீட் லைஃப்' மட்டும் வேண்டாம், அதை அன்றைக்கு மண்டபத்தில் நூறு பேர் எழுதியிருப்பார்கள். பஸ் பாஸ் தொலைந்த கதை, ஹாஸ்டல் உப்புமா, அப்படி உங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்தது எதையாவது எழுதுங்கள்.

செலவு, எங்கள் பக்கத்து விலைக்கு ஏறக்குறைய: திக் ஷீட் நாற்பது, டபுள் சைட் டேப் முப்பது, சின்ன ஃபெவிகால் பத்து, குவில்லிங் பட்டை முப்பது, கலர் பிரிண்ட் இருபது, கட்டர் இல்லையென்றால் இருபது. நூற்றைம்பதில் முடிந்தது.

மிஞ்சும் ஐம்பதை மொய்யில் சேர்த்துவிடுங்கள் என்று சொல்லலாம், ஆனால் கவரையும் அழகாகச் செய்ய ஆசைப்படுவீர்கள். ஒரு A4 தாளில் 21 க்கு 19.5 செ.மீ. வெட்டுங்கள். மேலிருந்து 3 செ.மீ. மடிப்பு நாக்கு, அடுத்து 8.5 பின்பக்கம், அடுத்து 8 முன்பக்கம். பின்பக்கத்துக்கு மட்டும் இடவலமாக 1.5 செ.மீ. ஒட்டு நாக்கை விட்டுவிட்டு மற்றதை நறுக்குங்கள். 18 செ.மீ. நீளக் கவர் கிடைக்கும். 500 ரூபாய் நோட்டு 15 செ.மீ. நீளம், 6.6 அகலம், மடிக்காமல் உள்ளே போகும். ஒரு ரூபாய் நாணயத்தை நாக்கின் மேல் டேப்பால் ஒட்டிவிட்டால் 501 ஆயிற்று. ஆனால் மொய் எழுதும் மேசையில் கவரைக் கிழித்துப் பணத்தை எண்ணிவிட்டுக் கீழே போட்டுவிடுவார்கள். அங்கே கொடுப்பதாக இருந்தால் வெறும் கவர் போதும், வேலைப்பாடு வீண். மேடையில் பெண்ணின் கையில் கொடுப்பதற்கென்றால் மட்டும் மெனக்கெடுங்கள்.

பெட்டியை முகூர்த்தத்தன்று கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில் வாங்கிப் பக்கத்தில் நிற்கும் சித்தியிடம் கொடுத்துவிடுவாள், அது சில்வர் குடங்களுக்கு அடியில் போய்விடும். முதல் நாள் ராத்திரி வரவேற்புக்கு முன்னால், மணப்பெண் அறையில் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது போய்க் கொடுங்கள். டவுன் பஸ்ஸில் கொண்டுபோவதாக இருந்தால் ஸ்வீட் கடை அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் கசக்கிய செய்தித்தாளைத் திணித்து, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். லக்கேஜ் வைக்கும் இடத்தில் வேண்டாம். மூடியை மட்டும் ரிப்பனால் கட்டாதீர்கள், அவிழ்க்கிற அவசரத்தில் சுவர் கசங்கும்.