தொக்கம் எடுக்கும் முன் பையனின் பனியனைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். பையனுக்கு இரண்டு வயது, 10 கிலோ. மாதம் தவறாமல் சளி, இருமல், காய்ச்சல். இப்போதும் இரண்டு நாளாகக் காய்கிறது. சோறு இறங்கவில்லை, ஆனால் விளையாடுகிறான். மாமியார் "தொக்கம் விழுந்திருக்கு, எடுக்கணும்" என்கிறார், அதாவது சாப்பிட்டது உள்ளே ஒட்டிக்கொண்டதாம். வீட்டுக்காரர் மெடிக்கலில் சொல்லி மருந்து வாங்கி வருகிறார். வேலூருக்குப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. எதற்கு டாக்டரிடம் போக வேண்டும், எதற்கு வேண்டாம்?

பதில்: மாதாமாதம் சளி பிடிப்பதை நினைத்துக் கலங்காதீர்கள். இந்த வயதில் வருடத்துக்கு ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது சகஜம். அண்ணனோ அக்காவோ பள்ளிக்கூடம் போகிற வீட்டில் இன்னும் கூடும். அதற்காகச் சத்து டானிக் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

எத்தனை டிகிரி என்று பார்த்துப் பார்த்தே பல தாய்மார்கள் பயந்துபோகிறார்கள். 103 டிகிரி அடித்தாலும், மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்தில் எழுந்து பொம்மையைத் தேடுகிற பிள்ளை எனக்குக் கவலை தருவதில்லை. 100 டிகிரிதான் இருக்கும், ஆனால் கூப்பிட்டால் திரும்பாமல் மடியில் துவண்டு கிடக்கும். அந்தப் பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். தண்ணீரோ பாலோ குடிக்கவே முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தியாகிறது, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகவில்லை, வலிப்பு வந்தது, எழுப்பினால் எழவில்லை: இதில் ஒன்று இருந்தாலும் கூலியை மறந்துவிட்டுக் கிளம்புங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் சரி. மூன்று மாதம் நிறையாத பச்சைக் குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தாலே அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மூச்சை நீங்களே எண்ணலாம். பையன் அழாமல் இருக்கும்போதோ தூங்கும்போதோ பனியனை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். செல்போனில் ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், முழு நிமிஷம். ஒரு வயதுக்கு மேல் 40 அல்லது அதற்கு மேல் போனால் டாக்டர் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை அந்தக் கணக்கு 50. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தால் எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி மெடிக்கல் விஷயம். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறாது. "இருமலுக்கு ஒன்னு, சளிக்கு ஒன்னு, கூடவே ஒரு ஆன்டிபயாடிக்" என்று மூன்று பாட்டிலைக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். சீட்டு கேட்பதில்லை, எடை கேட்பதில்லை. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சின்னஞ்சிறு பிள்ளைகள் இருமல் சிரப் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். டைஎதிலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்த அந்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் தயாரானது. அதற்குப் பிறகு மத்திய அரசே சொல்லிவிட்டது: இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்து எழுதக் கூடாது, ஐந்து வயது வரைக்கும் பொதுவாகத் தேவையில்லை. கடை அலமாரியில் என்ன மாறியது? மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணீர் சொட்டு, ஒரு வயது தாண்டியிருந்தால் இருமலுக்குக் கொஞ்சம் தேன். போதும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், ஆனால் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மில்லிகிராம். ஒரு சிரப்பில் 5 மில்லிக்கு 125, இன்னொன்றில் 5 மில்லிக்கு 250. உங்கள் பையனுக்கு ஒரு தடவைக்கு 150 மில்லிகிராம் வேண்டும். அப்படியானால் சொட்டு மருந்து 1.5 மில்லி, முதல் சிரப் 6 மில்லி, இரண்டாவது 3 மில்லி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். சிரப் அளவுக்குச் சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்ப ஊற்றினால் ஈரல் கெட்டுவிடலாம்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: தொக்கம் எடுப்பவர் வயிற்றைத் தடவி, ஊதி, வாயிலிருந்து எடுத்துக் காட்டுகிற கறித்துண்டு அவர் கையில் முன்பே இருந்தது. சாப்பிட்டது வயிற்றில் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டு சளியையும் காய்ச்சலையும் உண்டாக்காது.

ஆனால் மூச்சுக்குழாயில் ஒன்று சிக்குவது நிஜம். நம் பக்கத்தில் அது பெரும்பாலும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. பாட்டி திண்ணையில் உரித்துக்கொண்டிருப்பார், பேரன் நாலைந்தை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தபடி ஓடுவான். திடீரென்று புரை ஏறி முகம் சிவக்க இருமுவான், பிறகு அடங்கிவிடும். எல்லாரும் மறந்துவிடுவார்கள். அப்படி ஒரு பிள்ளையை எட்டாம் நாள் என்னிடம் கொண்டுவந்தார்கள், மூன்று கடை மருந்தும் ஒரு தொக்கமும் முடித்துவிட்டு. ஒரு பக்க நெஞ்சில் மட்டும் காற்றுச் சத்தமே இல்லை. மல்லாட்டை எக்ஸ்ரேயில் தெரியாது. படம் சுத்தமாக இருந்தாலும் கதையைச் சொல்லுங்கள், குழாய் விட்டுப் பார்த்து எடுத்துவிடுவார்கள். சளி இல்லாத பிள்ளைக்குச் சாப்பிடும்போது சட்டென்று தொடங்கிய இருமல் என்றால், அடங்கிவிட்டாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. இருமிக்கொண்டிருக்கும்போது விரலை விட்டுத் துழாவாதீர்கள், உள்ளே தள்ளிவிடும். ஐந்து வயது வரை மல்லாட்டையை முழுசாகக் கொடுக்காதீர்கள், இடித்துக் கொடுங்கள்.

மலைமேல் இருப்பவர்களுக்கு என் கணக்கெல்லாம் அரை நாள் முந்த வேண்டும். 2023 மே மாதம் நம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, ரோடு இல்லாமல் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இறந்தது. தாய் அந்த உடலைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சமவெளியிலும் கூலிக்காரர் வேலை முடித்து வருகிற நேரத்துக்கு ஓ.பி. மூடிக் கிடக்கிறது. பிறகு மெடிக்கலுக்குப் போகாதே என்று நாங்கள் உபதேசம் செய்தால் யார் கேட்பார்கள்?

உங்கள் பையன் விளையாடுகிறான், அதனால் இன்றிரவு வேலூருக்கு ஓட வேண்டாம். நாளை மூன்றாம் நாள். காய்ச்சல் நிற்காவிட்டால் காலையிலேயே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், டெங்குவா என்று கேளுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் சில்லிடுவது, சோர்வு என்று வந்தால் நேரே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வீட்டுக்காரர் வாங்கி வந்த பாட்டில் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, பையில் போட்டு எடுத்துப் போங்கள்.