காதுக்குள் பார்த்தாகிவிட்டது, ஸ்கேன் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. இடது காதில் பல வருஷமாக நாற்றத்தோடு சீழ் வடிகிறது. காது டாக்டர் எண்டோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, ‘கொலஸ்டியடோமா, ஆபரேஷன் வேண்டும், அதற்கு முன் சி.டி. எடுங்கள்’ என்கிறார். நேரிலேயே பார்த்த பிறகு ஸ்கேன் எதற்கு? எம்.ஆர்.ஐ.தான் நல்லது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: சி.டி.யே எடுங்கள் அம்மா. நோய் இருப்பதை டாக்டர் கண்ணால் பார்த்துவிட்டார். அது எதுவரை அரித்திருக்கிறது என்பது எண்டோஸ்கோப்பில் முழுதாகத் தெரியாது. கொலஸ்டியடோமா புற்றுநோய் அல்ல. செவிப்பறைக்குப் பின்னால் போய்த் தங்கிவிட்ட தோல் அது. அதன் செதில்கள் வெளியேற வழியின்றிக் குவிந்து, பக்கத்து எலும்பைக் கரைக்கும். பெரும்பாலும் முதலில் கரைவது, காதுக்குள் ஒலியைக் கடத்தும் சின்ன எலும்புகளில் ஒன்றான பட்டடை எலும்பு. அப்புறம் முக நரம்பு ஓடும் எலும்புக் குழாய், உடல் சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழல், காதுக்கும் மூளைக்கும் நடுவே உள்ள மெல்லிய தகடு என்று எங்கு வேண்டுமானாலும் போகலாம். இவற்றில் எது திறந்து கிடக்கிறது என்று தெரியாமல் நான் ட்ரில்லைக் கையில் எடுக்க மாட்டேன். முக நரம்பில் பட்டால் வாய் கோணிவிடும்.

எலும்பைக் காட்டுவதில் சி.டி.க்கு ஈடில்லை. ஆனால் உள்ளே அடைத்திருப்பது கொலஸ்டியடோமாவா, வெறும் சீழா, சதையா என்று அதில் பிரித்துச் சொல்வது கஷ்டம். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் எம்.ஆர்.ஐ. அங்கேதான் உதவும், அதுவும் ‘டிஃப்யூஷன்’ முறையில் எடுத்தால். ஆபரேஷனுக்குப் பிறகு நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க அதைப் பெரிதும் நம்புகிறோம். 2, 3 மில்லிமீட்டருக்கும் சின்னதாக இருந்தால் அதிலும் தப்பிவிடலாம்.

சீட்டில் ‘டெம்போரல் போன்’ (காதைச் சுற்றியுள்ள மண்டை எலும்பு) என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சாதாரண மண்டை சி.டி. போதாது; ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய துண்டுகளாக எடுக்க வேண்டும். ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்கள் பதிவான தட்டையும் கேட்டு வாங்குங்கள்; டாக்டர் படத்தைத் தானே பார்க்க வேண்டும். கேட்கும் திறனுக்கான ஆடியோகிராமும் அவசியம். செலவு கவலையென்றால் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.

காது வடியும் எல்லோருக்கும் ஸ்கேன் தேவையில்லை. செவிப்பறை நடுவில் ஓட்டை, சீழும் நின்றுவிட்டது என்றால் பெரும்பாலும் நான் எழுதுவதில்லை.

அதுவரை காதில் பூண்டு எண்ணெய் ஊற்றாதீர்கள், தண்ணீரும் போகக்கூடாது. தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் இழுப்பது, காய்ச்சலோடு கடும் தலைவலி, இதில் எது வந்தாலும் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே எமர்ஜென்சிக்குக் கூட்டிப்போங்கள்.