தினமும் ஜெபிக்கிறவர் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள முடியுமா?

நாள் தவறாமல் வேதம் வாசித்து ஜெபிக்கிற ஒருவர் தன்னைத்தானே வஞ்சித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். உங்கள் வீட்டிலோ சபையிலோ யாரையோ மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் என்னை வைத்தே பதில் சொல்கிறேன்.

சோமனூர்ப் பக்கம் 12 விசைத்தறிகள் வைத்துக் கூலிக்கு நெசவு செய்கிறேன். 2021 நவம்பரில், எங்களுக்கு நூல் கொடுத்து நெய்து வாங்கும் ஜவுளிக்காரர்களோடு, சோமனூர் ரகத் துணிக்கு 23 விழுக்காடு கூலி உயர்வு என்று பேசி முடித்தும் அது கைக்கு வராததால், 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகளை நிறுத்தினோம். அந்த நாட்களில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் யாக்கோபு 5:4-ஐ வாசித்தவன் நான்தான். அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட வேலைக்காரரின் கூலி கூக்குரலிடுகிறது என்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அந்த வேலைக்காரன் நான்தான் என்பதில் துளியும் சந்தேகம் இல்லை. என் தறிகளை ஓட்டுகிறவர்கள் நினைவுக்கே வரவில்லை.

தறிகள் மறுபடி ஓடத் தொடங்கியபின் ஒரு சனிக்கிழமை, கூலி வாங்க வந்த அக்கா ஒருவர் தம் கணக்கைக் காட்டச் சொன்னார். நோட்டைத் திருப்பினேன். துணிச் சேதத்துக்காக ஜவுளிக்காரர் என்னிடம் பிடித்தது இடப்பக்கம், அதற்காக நான் தறி ஓட்டுகிறவர்களின் கூலியில் பிடித்தது வலப்பக்கம்; வாரந்தோறும் வலப்பக்கத் தொகையே கூடுதல். இரண்டும் என் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில் தசமபாகக் கணக்கு, பைசா பிசகாமல் இருந்தது. அந்தக் கூடுதல் பிடித்தத்திலும் பத்தில் ஒரு பங்கு ஆலயத்துக்குப் போயிருந்தது.

மின்கட்டணம் ஏறிய காலத்தில் இப்படிச் செய்யாமல் தறி ஓட்ட முடியாது என்று சிலர் வாதாடுவார்கள். எங்களுக்குக் கூலியை மறுத்தவர்களும் தங்கள் கஷ்டத்தைத்தான் சொன்னார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லையே.

வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவர்கள் தங்களை வஞ்சிக்கிறார்கள் என்கிற யாக்கோபு 1:22-ஐ, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கு வருகிறவர்களுக்கான எச்சரிக்கை என்றே எண்ணியிருந்தேன். நான் உபவாசம் இருந்தேன், காணிக்கை கொடுத்தேன். அவைதான் என் கண்ணை மறைத்தன. பாவ அறிக்கை செய்யும்போது முன்கோபத்தையும் பொறுமையின்மையையும் கண்ணீரோடு சொல்வேன், அந்த நோட்டைப் பற்றி ஒருநாளும் சொன்னதில்லை. சபையைக் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம், ஆனால் காணிக்கை ஒழுங்காக வருகிறது என்பதற்காக என்னைப் பொருளாளராக்கியவர்கள், அந்தப் பணம் வரும் வழியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அடுத்த சனிக்கிழமை, கூடுதலாகப் பிடித்ததையெல்லாம் கூட்டி அவரவர் கையில் கொடுத்தேன். அந்த அக்கா எண்ணிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு, "இது இந்த நோட்டுக் கணக்குங்க. இதுக்கு முந்தின நோட்டு எங்கீங்க?" என்று கேட்டார். அது பீரோவில்தான் இருந்தது. அதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.